வரிசையில் ஒரு ஹாரன்

உலான்பாதரில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
மெழுகுக் கட்டியைக் குளிரவைக்க ஐஸ் வேண்டாம்,
ஜன்னல் விளிம்பே போதும்.
கட்டிக்குள் ஐந்து பொட்டுச் சதை,
ஒவ்வொன்றும் எள்ளளவு.
பத்செங்கெல், நாற்பத்திரண்டு வயது,
நிலக்கரி லாரி ஓட்டுநர்,
இரைப்பையின் மேல்வாய்.
சீட்டில் இவ்வளவுதான்.
நான் மனிதர்களைப் பார்ப்பவள் இல்லை.
நான்கு மைக்ரான் தடிமனுக்கு மேல்
யாரையும் எனக்குத் தெரியாது.

ஆனால் அவன் வந்துவிட்டான்.
'அனுமதி இல்லை' என்பதை நின்று படித்துவிட்டு
அதன் மேலேயே தட்டினான்.
"டாக்டர் சமிக்ஞை என்றார்.
என் வயிற்றுக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள்?"

சொன்னேன்:
செல்லின் தோலில் கதவுகள் உண்டு.
'வளர்' என்று வெளியிலிருந்து ஒரு சேதி வரும்.
கதவு அதை உள்ளே நிற்பவன் காதில் போடும்.
அவன் அடுத்தவனுக்கு,
அடுத்தவன் அதற்கடுத்தவனுக்கு.
கடைசி ஆள் உட்கருவுக்குள் போய்ச் சொல்ல
ஒன்று இரண்டாகும்.
சொன்னவன் உடனே வாயை மூடவேண்டும்.
அந்த மூடலுக்குத்தான்
ஆரோக்கியம் என்று பேர்.

சிரித்தான். மேலங்கியில் டீசல் வாடை.
"தெற்கு எல்லையில் லாரி வரிசை பார்த்ததுண்டா?
நாலு ராத்திரி ஒரு சக்கரமும் உருளவில்லை.
ஐந்தாம் ராத்திரி
எங்கோ முன்னால் ஒரு ஹாரன்.
கேட் திறந்துவிட்டது என்று நினைத்தோம்.
எனக்கு முன்னால் இருந்தவன் அடித்தான், நான் அடித்தேன்,
எனக்குப் பின்னால் பாலைவனம் முழுக்க அடித்தது.
எஞ்சின்கள் உறுமின.
முட்டிக்கொண்டோம்.
பொறுக்காத சிலர் தார்ச்சாலையை விட்டிறங்கி
தடமே இல்லாத புல்வெளியில் தடம் போட்டார்கள்.
விடிந்து பார்த்தால் கேட் மூடியபடியே.
ஒருவன் தூக்கத்தில்
ஸ்டீயரிங் மேல் சாய்ந்திருக்கிறான்,
நெற்றி ஹாரனில்."

அதன்பிறகு நான் விளக்க எதுவும் இல்லை.

"உப்புத் தேநீரா காரணம்?"
இருக்கலாம். திருகு வடிவில் ஒரு கிருமி,
உப்பு, புகை.
யார் முதலில் என்று சதை சொல்வதில்லை.

அவன் போனபின் சாயம் ஏற்றினேன்.
கதவு இருக்கும் இடமெல்லாம் பழுப்பாகும் சாயம்.
லென்ஸுக்குக் கீழே
லாடம், லாடம், லாடம்.
ஒரு மந்தைக் குதிரையும் அடிபெயர்த்து ஓடியதுபோல்
செல்லுக்குச் செல் பழுப்பு லாடம்.
கதவு செய்யும் மரபணு
தன்னையே நகலெடுத்துக் குவித்திருக்கிறது.
நெரிசலில் கதவோடு கதவு தோள்சாய்ந்து
வராத சேதியை
வந்ததாகக் கூவிக்கொண்டிருக்கிறது.

மூன்று பிளஸ் என்று எழுதும்போது
கை கொஞ்சம் லேசானது, ஒப்புக்கொள்கிறேன்.
இதற்கு மருந்து உண்டு.
நெற்றிக்கும் ஹாரனுக்கும் நடுவே
உள்ளங்கையை நுழைக்கிற மருந்து.

நான்கு துண்டுகள் அப்படி.

ஐந்தாவது நீலமாகவே கிடக்கிறது.
பழுப்பின் ஒரு கீற்றும் இல்லை.
அதே வயிறு, அதே புற்று,
அங்கேயும் செல்கள் பிளந்துகொண்டுதான் இருக்கின்றன.
அங்கே ஹாரன் வேறு.
வரிசையின் நடுவில் யாரோ
முன்னால் கேட்காமலே தன்பாட்டுக்கு அடிக்கிறான்;
கதவை அடைத்தாலும் அவனுக்குக் கவலையில்லை.
எந்த லாரி என்று காட்ட
என் அலமாரியில் சாயம் இல்லை.

சாயந்திரம் கதவைப் பூட்டும்போது பார்த்தேன்,
தட்டிய இடத்தில்
கரித்தூள் பதிந்த நான்கு விரல் முட்டி.
துடைக்கவில்லை.
திரும்பிப் போய் விளக்கைப் போட்டு
அறிக்கையின் அடியில்
யாரும் படிக்காத 'குறிப்பு' கட்டத்தில்
பேனாவை அழுத்தி எழுதினேன்:
ஐந்தாவது துண்டை மறக்க வேண்டாம்.